கேப்டனிடம் சொல்லக் கூடாத சொல்

எங்கள் ஊர்ப் படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கிறவள் நான். காலையில் கூண்டைத் திறந்தால் சாயங்காலம் மூடுகிறவரை என் வாயிலிருந்து அதிகமாக வருவது 'டிக்கெட்' என்ற சொல் இல்லை, 'ப்ரே'. "வரிசையில நில்லு ப்ரே!" "அந்த ஆட்டைக் கயித்துல கட்டு ப்ரே!" "எத்தனை நாளாச்சு ப்ரே உன்னைப் பார்த்து, இப்படி எளைச்சுப் போயிட்டியே!" திட்டவும் அதுதான், கொஞ்சவும் அதுதான், ஆச்சரியப்படவும் அதுதான். தனியாக அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது இல்லாமல் பேசச் சொன்னால் உப்பில்லாத மீன் சூப்பைக் குடிக்கச் சொன்னது மாதிரி இருக்கும்.

ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. சமவயதுக்காரர்களிடம் சொல்லலாம், சின்னவர்களிடம் சொல்லலாம். பெரியவர்களிடம் வாய் தவறி வந்துவிட்டால், "எங்கிட்டயே ப்ரேவா?" என்று ஒரு கேள்வி வரும். அதோடு சரி, அந்த வீட்டுப் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்க முடியாது.

என் அண்ணன் ராதோசாவ் முப்பத்தைந்து வருஷம் டான்யூப் ஆற்றில் இழுவைக் கப்பல் ஓட்டியவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் ஊருக்கு அவர் கேப்டன்தான். ரொட்டிக் கடையில் கேப்டன், சர்ச்சில் கேப்டன், பல் பிடுங்கப் போனாலும் "வாயைத் திறங்க கேப்டன்." அவர் எல்லோரையும் ப்ரே போட்டுப் பேசுவார். அவரை ஒருத்தரும் அப்படிப் பேச மாட்டார்கள். நானே பேச மாட்டேன், அவர் கூடப் பிறந்தவள். அந்த உரிமை ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது, அவர் மனைவி நெவேனாவுக்கு. ஆற்றோட்டத்தோடு கப்பலில் இரண்டு நாள் போனால் வருகிற விதின்தான் அவள் ஊர், பல்கேரியக்காரி. வாயாடி. அவள் இறந்துபோய் ஆறு வருஷமாகிறது.

அவர்களுக்கு ஒரே மகள், விஷ்ன்யா. ஊர் மருத்துவமனையில் நர்ஸ். இருபத்தேழு வயது. போன வசந்தத்தில் எங்கள் படகின் அடித்தகட்டில் ஓட்டை விழுந்தது. அதைப் பற்றவைக்க எதிர்க்கரையிலிருந்து, ருமேனியாவிலிருந்து, டோரு என்று ஒரு வெல்டர் வந்தான். மூன்று நாள் வேலை. மூன்று வாரம் செய்தான். இரண்டாம் நாளே கையில் சூடு வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனான். அப்புறம் தினம் ஏதாவது ஒரு விரலில் சூடு. "இவன் வெல்டரா, இல்லை கோழி வறுக்கிறவனா?" என்று நான்தான் முதலில் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டேனே தவிர, அவனுக்கு மருத்துவமனைக்குக் குறுக்கு வழி காட்டிக் கொடுத்ததும் நான்தான். பையன் எனக்குப் பிடித்துப்போயிற்று. என்ன செய்வது!

ஒரு நாள் விஷ்ன்யா கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். அப்பாவைப் பார்க்க."

"ஐயோ."

"அப்பா வேணாம்னு சொன்னா நான் ஓடிப்போக மாட்டேன். அம்மாவும் இல்லாத வீட்டுல அவரைத் தனியா விட்டுட்டு எப்படி ஓடறது? ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன். அவ்வளவுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அப்பாவைப் போலவே.

எங்கள் வீடுகளில் விருந்தாளிக்கு மூன்று காப்பி. வந்தவுடன் ஒன்று, வரவேற்க. நடுவில் ஒன்று, பேச. மூன்றாவது, 'கிளம்பு காப்பி'. அதை வைத்தால் வாய்திறந்து யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொள்வார். விஷ்ன்யாவைக் கேட்டு இதற்குமுன் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் அண்ணனின் தக்காளிச் செடிகளைப் பார்த்து, "தண்ணி பத்தலை போல" என்றான். முதல் காப்பி ஆறுவதற்குள் கிளம்பு காப்பி வந்துவிட்டது. இன்னொருத்தன் எல்லாவற்றுக்கும் "ஆமாம் கேப்டன், ஆமாம் கேப்டன்" என்று தலையாட்டினான். அவனுக்கும் அதே கதிதான்.

ஆகவே டோருவை வெள்ளிக்கிழமையே கூண்டின் முன்னால் நிறுத்திப் பாடம் எடுத்தேன்.

"தக்காளியைப் பத்திப் பேசக் கூடாது. சும்மா தலையாட்டக் கூடாது. கப்பல் கதை சொல்வார், நடுவுல பேசக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, அவரை ப்ரேன்னு சொல்லவே கூடாது. புரியுதா ப்ரே?"

"ஏன் அத்தை? எங்க ஊர்ல எங்க அப்பாவையே ப்ரேன்னுதான் கூப்பிடுவேன். எங்க மாமாவை, ஊர்த் தலைவரை. மரியாதையான சொல்லு அது."

"மரியாதையா?"

"ஆமா. கூட்டாளின்னா 'மெய்'னு கூப்பிடுவோம். பெரியவங்கன்னா ப்ரே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரே சொல் தண்ணீரைத் தாண்டிப் போய்த் தலைகீழாக நிற்கிறது. எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க ஊரு அந்தக் கரையில இருக்கு. இந்தக் கரையில அது வாயில வந்தா உனக்குப் பொண்ணு இல்லை. சத்தியம் பண்ணு."

இறந்த அவன் பாட்டன், உயிரோடிருக்கும் அவன் அம்மா, படகின் அடித்தகடு, எல்லாவற்றின்மேலும் சத்தியம் பண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளே விரித்திருந்த நெவேனாவின் சிவப்புக் கம்பளத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்தான். அந்தக் கம்பளத்தை அண்ணன் யாரையும் தொட விடமாட்டார், வாரத்துக்கு ஒருமுறை தூசு தட்ட என்னை மட்டும் விடுவார். பையன் அதை எப்படித் தெரிந்து ஒதுங்கினான் என்று எனக்கே ஆச்சரியம். சீமைத்துளசி போட்ட செர்ரிப் பழப் பாகை நீட்டினேன். ஒரு கரண்டி எடுத்தான், தண்ணீர் குடித்தான், கரண்டியைத் தம்ளரில் போட்டான். சரியான முறை. விஷ்ன்யா அடுப்படிக் கதவின் பின்னாலிருந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள்.

"உக்காருங்க" என்றார் அண்ணன். நீங்க, வாங்க, உக்காருங்க. அவர் மரியாதை கொடுத்துப் பேசினால் அறையில் குளிரடிக்கும். அவர் பக்கத்தில் மருந்துக்கடை வெலிபோர் இருந்தார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு அகராதி படிப்பதையே வேலையாக வைத்திருக்கிற மனிதர். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டில்தான் காப்பி.

முதல் காப்பி நன்றாகவே போயிற்று. இரண்டாவது காப்பியும் வைத்தேன். தகடு, பற்றவைப்பு, ஆற்று மட்டம் என்று பேச்சு ஓடியது. டோரு தக்காளிப் பக்கம் திரும்பவே இல்லை. நான் மூச்சு விட ஆரம்பித்தேன். அப்போதுதான் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து அந்தக் கதையை எடுத்தார்.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். அண்ணனுக்கு இருபத்துநாலு வயது, கப்பலில் கடைநிலை மாலுமி. விதின் துறையருகே வெள்ளம். நிலக்கரித் தெப்பத்தை இழுத்துவந்த எஃகு வடம் பட்டென்று அறுந்தது. தெப்பம் போய்த் துறையில் மோதியிருக்கும். "நான் பாய்ஞ்சேன். அறுந்த வடத்தோட நுனியை இந்த ரெண்டு கையால புடிச்சேன்." இந்த இடத்தில் அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி ஒரு மூச்சு நிறுத்துவார். நாடகக்காரர் மாதிரி. இந்த ஆறு வருஷமாக அந்த நிறுத்தம் நீண்டுகொண்டே போகிறது. நாங்கள் எல்லோரும் "அடேயப்பா" என்போம். அவர் "ம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அன்றைக்கும் கையை விரித்தார். நிறுத்தினார்.

டோரு அந்தக் கைகளைப் பார்த்தான். வெல்டர் அல்லவா, எஃகு வடம் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன். தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"போதும் ப்ரே, கேப்டன்! வடத்தைக் கையால புடிச்சாராம்! கை மணிக்கட்டோட போயிருக்கும். உங்க கையில ஒரு தழும்புகூட இல்லையே!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். காலம் கடந்துவிட்டது. அடுப்படியில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

அண்ணன் அசையவில்லை. விரித்த கைகள் விரித்தபடியே. முகம் வெளிறிப்போயிற்று. நான் அவர் கோபத்தை எத்தனையோ விதத்தில் பார்த்திருக்கிறேன், இப்படி ஓசையில்லாத கோபத்தைப் பார்த்ததில்லை. நெஞ்சு வலியோ என்றுகூடப் பயந்தேன்.

வெலிபோர்தான் வாயைத் திறந்தார். நல்லது செய்வதாக நினைப்பு.

"கேப்டன், தம்பி மேல தப்பில்லை. அந்தச் சொல்லே நம்ம சொல்லு இல்லை. கிரேக்கத்துல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. 'மோரோஸ்'னு ஒரு வார்த்தை. கூப்பிடறப்போ 'மோரே'. அது வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு 'வ்ரே' ஆகி, 'ப்ரே' ஆயிடுச்சு. துருக்கிக்காரங்களும் எடுத்துக்கிட்டாங்க. குதிரை மேல ஏறி 'ப்ரே, ப்ரே'ன்னு கத்திக்கிட்டே ஊர் ஊராப் போனாங்க."

"சரி, அந்த மோரோஸ்னா என்ன அர்த்தம்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வெலிபோர் அண்ணனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "முட்டாள்" என்றார்.

ஐம்பத்தேழு வருஷமாக நான் யார் யாரை எல்லாம் முட்டாள் என்று கூப்பிட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க நேரமில்லை. இப்போது என் அண்ணனை அவர் வீட்டிலேயே, அவர் நாற்காலியிலேயே, ஒரு வெளியூர்ப் பையன் அப்படிக் கூப்பிட்டதாக ஆகிவிட்டது. இந்த மருந்துக்கடைக்காரரின் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டு மூடியிருந்தால் தேவலை! கை ஓங்குவதற்குள் பையனைப் பத்திரமாக வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. அடுப்படிக்கு ஓடினேன். உடைந்த சர்க்கரைக் கிண்ணத்தைப் பொறுக்கிக்கொண்டு விஷ்ன்யா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் காப்பிச் சட்டியை அடுப்பில் வைத்தேன்.

"அத்தை, வேணாம்" என்றாள். "அந்தக் காப்பியை வைக்காதீங்க."

"உங்கப்பா அடிச்சா பையன் ஆத்துல விழுவான். இப்ப போகட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

கிளம்பு காப்பியைக் கொண்டுபோய் டோருவின் முன்னால் வைத்தேன். வெலிபோர் அதைப் பார்த்ததுமே எழுந்து தொப்பியைத் தேடினார். டோருவுக்கு என்ன தெரியும்! எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், காப்பிக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க மறந்துபோனேன். அந்தப் பையன் பயத்தில் கோப்பையை ஒரே மடக்கில் குடித்தான். நாக்கு வெந்துவிட்டது. வேர்வை வழிய என்னைப் பார்த்து, எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று சொன்னான்:

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை. இன்னொண்ணு கிடைக்குமா?"

கிளம்பு காப்பியைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்ட மனிதனை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. வெலிபோர் தொப்பியும் கையுமாகச் சிலையானார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

அண்ணனின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு சிரிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டும்தான். கண்ணில் தண்ணீர் கொட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு வருஷமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

"ஸ்தாங்கா, யாரு ப்ரே உன்னைக் கிளம்பு காப்பி வைக்கச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார்.

"நீ கோவமா இருக்கேன்னு..."

"கோவமா? அவ சொல்ற மாதிரியே சொன்னாண்டி! அதே எடத்துல! 'போதும் ப்ரே, வடத்தைக் கையால புடிச்சாராம்!' நெவேனா என்னை எங்க நிறுத்துவாளோ அங்கயே நிறுத்தினான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆமாம், அவள் இருந்தவரை அந்தக் கதை அந்த இடத்தைத் தாண்டியதே இல்லை. அண்ணன் கையை விரிப்பார், அவள் அடுப்படியிலிருந்தே கத்துவாள், எல்லோரும் சிரிப்போம், காப்பி வந்துவிடும். அவள் போனபிறகு ஒவ்வொரு தடவையும் அவர் கையை விரித்துக் காத்திருந்திருக்கிறார். நாங்கள் மரியாதையாக "அடேயப்பா" என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கொன்றிருக்கிறோம். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும், நீ புடிக்கலைன்னு?" என்றேன்.

"அவ பார்த்துக்கிட்டுதானே இருந்தா! வடமும் அறுந்துபோகலை, ஒண்ணும் அறுந்துபோகலை. துறைக்குக் கயிறு எறியச் சொன்னாங்க. நான் கயித்துல காலை வச்சுக்கிட்டே எறிஞ்சேன். கயித்தோட நானும் ஆத்துல விழுந்துட்டேன். துறைப் படியில ஒரு பொண்ணு கம்பளம் துவைச்சுக்கிட்டு இருந்தா. ஓடிவந்து கம்பளத்தோட ஒரு முனையை எனக்கு எறிஞ்சா. இழுக்கறப்போ என்ன சொன்னா தெரியுமா? 'குளிக்க வேற நேரம் கிடைக்கலையா ப்ரே?' அவ எங்கிட்டப் பேசின முதல் வார்த்தையே அதுதான்."

எல்லோரும் கீழே பார்த்தோம். சிவப்புக் கம்பளம். வாராவாரம் நான் தூசு தட்டுகிற கம்பளம்! விஷ்ன்யா அடுப்படியிலிருந்து வந்து அதன் ஓரத்தில் நின்று முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது.

அண்ணன் வெலிபோரைப் பார்த்தார். "உக்காருய்யா. முட்டாள்னுதான் அர்த்தமா? இருக்கட்டும். நான் அந்தச் சொல்லோட கடல் வரைக்கும் போயிருக்கேன். ரூசே துறையில பல்கேரியச் சுங்கக்காரன் ப்ரேன்னு திட்டிக்கிட்டே என் மூட்டைக்கு முத்திரை குத்துவான். கலாட்ஸ் துறையில ருமேனியக்காரங்க ப்ரேன்னு தோள்ல கை போடுவாங்க. எங்க கப்பல்ல இருந்த கிரேக்கச் சமையல்காரன் பாசம்னா 'வ்ரே'ம்பான், சூப்பு தீஞ்சா வெறும் 'ரே'ம்பான். இங்க நம்ம ஊரு அல்பேனிய இனிப்புக் கடைக்காரன் 'மோரே'ங்கறான். எந்தத் துறையில போய் ஒரு ப்ரே போட்டாலும், யாராவது ஒரு முட்டாள் திரும்பிப் பார்த்துக் கயிறு எறிவான். யாரோட சொல்லுன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எதிர்க்கரைக்காரர்கள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டதாக வெள்ளிக்கிழமை நினைத்ததற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

டோரு எழுந்து நின்றான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "கேப்டன், மன்னிச்சிடுங்க. சத்தியம் பண்ணினேன், வாயில வந்திடுச்சு. எங்க ஊர்ல அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். உங்க கதையைக் கேட்டுக்கிட்டே இருந்தேனா, எங்க அப்பா முன்னால உக்காந்திருக்கற மாதிரி ஆயிடுச்சு. அவரும் இப்படித்தான் புளுகுவார்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை தூரம் வந்து, இப்படியா முடிப்பான்!

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கம்பளத்தைக் காலால் தட்டிக் காட்டினார்.

"ஓரமா எதுக்கு நிக்கறே? கம்பளத்து மேல வந்து உக்காரு ப்ரே. அது முட்டாள்களைக் கரையேத்தற கம்பளம்."

'நீங்க'வும் போயிற்று, 'வாங்க'வும் போயிற்று. டோருவுக்கு அது என்னவென்று புரியவில்லை, உட்காரச் சொல்கிறார் என்று மட்டும் நினைத்து உட்கார்ந்தான். விஷ்ன்யாவுக்குப் புரிந்தது. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கேவினாள். வெலிபோர் தொப்பியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்தாங்கா, பையன் காப்பி கேட்டானே, காதுல விழலையா ப்ரே?" என்றார் அண்ணன்.

"அண்ணா, நாலாவது காப்பிக்கு நம்ம ஊர்ல பேரே இல்லையே."

"வச்சிடு. பேரு அப்புறம் வச்சுக்கலாம்."

இலையுதிர்காலத்தில் கல்யாணம். டோரு பற்றவைத்த படகிலேயே, நடு ஆற்றில், இரண்டு கரைக்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் யாருக்கும் டிக்கெட் கிழிக்கவில்லை. பொரித்த மீன், ரக்கியாச் சாராயம், இரண்டு பாட்டுக் குழு, ஒன்றின் சத்தத்தில் மற்றது கேட்காது. டோருவின் அப்பாவும் அண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் ப்ரே போட்டு, யார் பெரிய மீனைப் பிடித்தது என்று மதியத்திலிருந்து புளுகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிரேக்கச் சமையல்காரர் எண்பது வயதில் பஸ் ஏறி வந்திருந்தார். சிவப்புக் கம்பளம் படகின் நடுவில், பெண்ணும் மாப்பிள்ளையும் அதன்மேல்.

சாயங்காலம் அண்ணன் மேஜைமேல் ஏறி நின்று கதையை ஆரம்பித்தார். வெள்ளம், நிலக்கரி, வடம். இரண்டு கையையும் விரித்தார். ஒரு மூச்சு நிறுத்தினார்.

நாங்கள் விடுவோமா? "போதும் ப்ரே!" என்றோம் நாங்கள். "வ்ரே!" என்றார் சமையல்காரர். "மோரே!" என்றார் இனிப்புக் கடைக்காரர். சம்பந்தி என்னவோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. அத்தனைக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. விஷ்ன்யா. அதுவரை அப்பாவிடம் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொல்லாதவள், கல்யாண உடையில் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, அம்மா மாதிரியே கத்தினாள்:

"போதும் ப்ரே, வடத்தைக் கையால புடிச்சாராம்!"

அண்ணன் விரித்த கைகளை அவளைப் பார்த்து நீட்டினார். சிரித்துக்கொண்டே, "சரி ப்ரே, புடிக்கலை" என்றார். நான் காப்பிச் சட்டியை அடுப்பில் வைத்தேன், நாலாவதற்கு.